முதியோர் உதவி: எந்த வாசலில் முதலில் நிற்பது?

வயதான அம்மாவோ அப்பாவோ ஊரில் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். இப்படி ஒரு வீடு இல்லாத தெரு தமிழ்நாட்டில் இப்போது குறைவு. "அரசாங்கத்தில் என்னென்னவோ தருகிறார்களாமே, நமக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். விஏஓவைப் போய்ப் பார் என்பார் ஒருவர். முதியோர் உதவி எண் 14567க்கு போன் போடு என்பார் இன்னொருவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்பார் மூன்றாமவர். கவுன்சிலர் நமக்கு வேண்டியவர்தான் என்று ஒருவர் இருப்பார். "அலையாதீங்க, நான் முடிச்சுத் தர்றேன், கொஞ்சம் செலவாகும்" என்பவரும் எங்கேயாவது நிற்பார்.

கடைசி ஆளை விட்டுவிட்டால் மற்ற யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு வேலைக்கு. ஓய்வூதியத்துக்குப் போக வேண்டிய இடத்துக்கு மருந்துக்காகப் போவதும், குடும்பச் சண்டைக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஓய்வூதியத்துக்காகப் போவதும்தான் பாதி அலைச்சலுக்குக் காரணம். இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: நமக்கு வேண்டிய காரியத்தில் கடைசிக் கையெழுத்து யாருடையது? அந்தக் கையெழுத்துக்கு எது கிட்டே இருக்கிறதோ அதுதான் முதல் வாசல். மற்ற வாசல்கள் தகவலுக்கு ஆகும், அவசரத்துக்கு ஆகும், சில சமயம் ஆறுதலுக்கும் ஆகும். காரியத்தை அவை முடித்துத் தராது.

மாதப் பணம்

ஊரில் எல்லோரும் ஓஏபி என்று சொல்வது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. பெயரைப் பார்த்து இது டெல்லிப் பணம் என்று நினைப்பவர்கள் உண்டு. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80க்கு மேல் 500. மீதி முழுவதும் மாநில அரசு போடுவது. ஆகவே டெல்லிக்கு எழுதிப் புண்ணியமில்லை.

கையெழுத்து யாருடையது? தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று ஒரு தனி வட்டாட்சியர் இருக்கிறார். அவர்தான் ஆணை தருபவர். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் அது விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியாக அவர் மேசைக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் உண்மையில் கனமான கண்ணி விஏஓவின் அறிக்கை. ஏனென்றால் இந்தப் பணம் 60 வயது ஆன எல்லோருக்கும் இல்லை. ஆதரவற்றவர், வாழ வேறு வழியில்லாதவர் என்று யாராவது நேரில் பார்த்து எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர் அவர். அப்படியானால் விண்ணப்பம் போட்ட பிறகு அவரைப் பார்ப்பதைவிடப் போடுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்து, "இவங்களுக்கு வருமா சார், எந்தத் திட்டத்தில் போடலாம்?" என்று கேட்டுவிடுவது நல்லது. சம்பாதிக்கும் மகன் அதே குடும்ப அட்டையில் இருக்கும்போது என்ன எழுதுவார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவை இதோடு வைத்துப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளில் வாங்கும் மனு, கணினியில் ஏறி, ரசீதோடு, கீழே இறங்கி வந்து சேருவது அதே தனி வட்டாட்சியரிடம்தான். முதல் முயற்சியாக இதைச் செய்தால் பஸ் செலவும் வெயிலும்தான் மிஞ்சும். அதுவே, விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் நகரவில்லை, அல்லது காரணம் சொல்லாமல் தள்ளுபடி ஆகிவிட்டது என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. மேலிருந்து வந்த மனுவுக்குக் கீழே இருப்பவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பழைய விண்ணப்ப எண்ணை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத மனு புது மனுவாகப் போய்விடும். முதல்வர் உதவி எண் 1100ம் இதே வகைதான், உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யலாம் என்பது மட்டும் கூடுதல் வசதி.

இடைத்தரகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் செய்வதும் இ-சேவையில் அதே விண்ணப்பத்தைப் போடுவதுதான். கையெழுத்து அவரிடம் இல்லை.

எந்த ஓய்வூதியத்தில் போடுவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கணவரை இழந்த பெண்ணுக்கு 60 ஆகிவிட்டால் முதியோர், ஆதரவற்ற விதவை என்று இரண்டு வழி திறந்திருக்கும். 2023 உயர்வு இரண்டுக்கும் ஒன்றாகவே வந்தது, தொகையில் வித்தியாசமில்லை. ஆகவே எதற்குக் காகிதம் தயாராக இருக்கிறதோ அதில் போடுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ் கையில் இருந்து, ஆதாரில் வயது குழப்பமாக இருந்தால் விதவை வழி சுலபம். இறப்பைப் பதியாமலே விட்ட வீடுகளில் முதியோர் வழி. நிரந்தர ஊனம் இருந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உள்ளவர் என்றால் முதலில் அந்த வழியைப் பாருங்கள், அங்கே தொகை 1,500. கட்டடத் தொழிலாளர் போன்ற நலவாரியத்தில் 60 வயது வரை பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தவருக்கு வாரிய ஓய்வூதியம் தனியாக உண்டு. அதற்குக் கையெழுத்து தாலுகாவில் இல்லை, தொழிலாளர் துறையில். பழைய வாரிய அட்டையைத் தூக்கிப்போட்டிருந்தால் பெட்டியைக் கிளறுங்கள்.

அப்புறம் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது இது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். ஓஏபி வாங்குகிறவருக்கு இது கிடையாது. ஆனால் அதே அட்டையில் உள்ள வேறொரு தகுதியுள்ள பெண்ணுக்குத் தடையில்லை என்று தொடங்கும்போதே தளர்த்தினார்கள். மாமியாருக்கு ஓஏபி, மருமகளுக்கு உரிமைத் தொகை என்று கணக்குப் போட்டால் வீட்டுக்கு இரண்டும் வரும். காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மருமகளும் மகனும் அதே அட்டையில் இருக்கும்போது மாமியாரை ஆதரவற்றவர் என்று விஏஓ எழுதுவாரா என்பதுதான் கேள்வி. 200 ரூபாய் அதிகம் என்பதற்காக, வந்துகொண்டிருக்கும் உரிமைத் தொகையை முதலில் விட்டுவிட்டு ஓஏபிக்குக் காத்திருக்காதீர்கள்.

எந்த வழியானாலும் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் வயதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒன்றில் "முத்தம்மாள்", இன்னொன்றில் "முத்தம்மா", வயது ஒன்றில் 58, இன்னொன்றில் 63. விண்ணப்பம் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் சுலபமாக மாற்ற முடியும். ஆகவே எதை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டு மையத்துக்குப் போங்கள்.

மருந்தும் ஆஸ்பத்திரியும்

பணத்துக்கு அலைகிற அளவுக்கு யாரும் இதற்கு அலைவதில்லை. ஆனால் என் கணக்கில் வீட்டுச் செலவை அதிகமாகக் குறைப்பது இதுதான். பிரஷரும் சர்க்கரையும் உள்ள ஒருவர் மாதம் மெடிக்கலில் கொடுக்கும் பணம் ஓஏபியில் பாதியை விழுங்கிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் இந்த இரண்டுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி இரண்டும் அதே திட்டத்தில் உண்டு. இங்கே கையெழுத்து எதுவும் தேவையில்லை, வருமானச் சான்றும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பதிந்து, அந்தத் தெருவுக்கு வரும் தன்னார்வலர் யார் என்று கேட்டு, அவர் போன் நம்பரை அம்மாவின் போனில் போட்டுக் கொடுங்கள். தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்ணாக இருப்பார். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு, மாதம் ஒருமுறை வீட்டுக்குள் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு மனுஷி கிடைக்கிறார் என்பது மாத்திரையைவிடப் பெரிய லாபம்.

பெரிய செலவுக்கு இரண்டு காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மற்றது, 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. 70 வயது ஆகியிருந்தால் போதும், வருமானம் பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் உண்டு, சொந்த வீட்டில் இருப்பவருக்கும் உண்டு. தனியார் காப்பீடு வைத்திருப்பதும் தடையில்லை. மத்திய அரசு ஊழியருக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஎச்எஸ் இருப்பவர்கள் மட்டும் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆதாரில் 70 முடிந்திருக்க வேண்டும் என்பதால், மேலே சொன்ன வயதுக் குழப்பம் இங்கேயும் வந்து நிற்கும்.

எது நல்லது? வருமானச் சான்று கிடைக்கக்கூடிய வீட்டுக்கு முதலமைச்சர் திட்டம்தான் முதல் வேலை. 70க்குக் கீழே உள்ள அம்மா, 70 தாண்டிய அப்பா, மற்றவர்கள் எல்லோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. சான்று கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துக்கு வய வந்தனா ஒன்றுதான் வழி. இரண்டுக்குமே பொதுவான எச்சரிக்கை ஒன்று: அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்துவிடாதீர்கள். நீங்கள் நினைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் இந்த அட்டை, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று அங்கேயே காப்பீட்டு மேசையில் முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். முதலமைச்சர் திட்டத்துக்கு 1800 425 3993 என்ற எண்ணும் இருக்கிறது. நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது பட்டியல் தேட முடியாது. அப்போது 108தான்.

நான்கைந்து நோய், பத்துப் பன்னிரண்டு மாத்திரை, எது எதற்கென்றே தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவரை முதியோர் மருத்துவம் படித்த டாக்டரிடம் காட்டுவது தனிப் பலன் தரும். இந்தத் துறையில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு 1978லேயே தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இங்கே போய்ப் பார்க்கலாம்.

ரேஷன் பற்றி ஒரு பத்தி போதும். கடைக்குப் போக முடியாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வேறொருவரை வாங்க அனுமதிக்கும் அங்கீகாரப் படிவம். அதைக் கடையிலேயே கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். கைரேகை விழாதவர்களுக்கும் இதுவே வழி. இன்னொன்று, 2025 ஆகஸ்ட் 12ல் தொடங்கிய தாயுமானவர் திட்டம். முதியவர்கள் மட்டுமே உள்ள அட்டைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீடு தேடி வரும்படி அமைத்தது. 70 வயது என்று தொடங்கி, பிறகு 65 ஆக்கினார்கள். மகன் பெயர் இன்னும் பெற்றோர் அட்டையிலேயே இருந்தால் அந்த வீடு "முதியவர்கள் மட்டும்" என்ற கணக்கில் வராது. மகனுக்குச் சென்னையில் தனி அட்டை வாங்கினால் இங்கே இந்தக் கதவு திறக்கும்.

பிள்ளைகளே பிரச்சினை என்றால்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. எந்த வாசல் என்ற தேர்வு இங்கே தப்பினால் இழப்பும் பெரிது. சாப்பாடு போடவில்லை, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள், பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட சமயத்தில் ஊரில் முதலில் கூடுவது பஞ்சாயத்து. பெரியவர்கள் உட்கார்ந்து மாதம் இவ்வளவு கொடு என்று பேசி வைப்பார்கள். சில மாதம் நடக்கும். அப்புறம் நின்றால் கேட்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.

முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை. இதன் பலம் பேச்சு. அழுதுகொண்டு பேசுகிற அம்மாவிடம் பொறுமையாகக் கேட்பார்கள், மகனுக்குப் போன் போட்டுப் பேசிப் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாண்டில் விடப்பட்ட முதியவர் என்றால் ஆளை அனுப்பி மீட்க ஏற்பாடு செய்வார்கள். எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்றும் சொல்வார்கள். ஆனால் கையெழுத்து அவர்களிடம் இல்லை. மகன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் அவர்களால் ஆணை போட முடியாது. முறுக்கிக்கொண்டிருக்கும் மகன், இன்னும் பேச்சு அற்றுப்போகாத வீடு என்றால் முதலில் இது போதும். எல்லை தாண்டிவிட்ட வீட்டுக்கு இது போதாது.

அடி, மிரட்டல், பூட்டி வைத்தல் என்றால் யோசிக்காமல் போலீஸ். மூத்த குடிமகனைக் கைவிடுவதே குற்றம் என்று சட்டம் சொல்கிறது, தண்டனை மூன்று மாதச் சிறை வரை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அளவைப் பார்த்தாலே தெரியும், அது பயமுறுத்தத்தான். மாதாமாதம் சோறு போடவைக்க ஸ்டேஷன் உதவாது.

மாதாமாதம் வரவேண்டும் என்றால் கையெழுத்து ஆர்டிஓவிடம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ன்படி கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ அல்லது சப்-கலெக்டர், தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே விண்ணப்பம்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தானே போக முடியாதவர் வேறொருவருக்கோ ஒரு தொண்டு அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்து மனுப் போடலாம். பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். கொடுக்காவிட்டால் வாரண்ட், ஒரு மாதம் வரை சிறை. மேல்முறையீடு கலெக்டரிடம். அம்மா இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தால் அங்கேயே மனுப் போடலாம், மகன் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இதில் பராமரிப்பு அலுவலர். மனு எழுதத் தெரியாதவர்கள் முதலில் அவரிடம் போகலாம்.

ஊர்க்காரர்கள் பலர் அறியாத இரண்டு விஷயம். கடமை மகனுக்கு மட்டும் என்று நாம் பேசிக்கொள்கிறோம். சட்டத்தில் மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோரும் உண்டு. பிள்ளை இல்லாதவருக்கு, அவருடைய சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினர்மீது மனுப் போடலாம். சித்தப்பாவின் நிலத்தை உழுதுகொண்டு சித்தப்பாவைத் திண்ணையில் விட்டிருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை.

சரி, கோர்ட்டுக்குப் போனால்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144ஆம் பிரிவு, பழைய சிஆர்பிசி 125, அதன்கீழும் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே 10,000 என்ற உச்சவரம்பு இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மகன் வெளிநாட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார், அம்மாவுக்கு டயாலிசிஸ், மாதம் 10,000 எதற்கும் காணாது என்றால் கோர்ட் வழிக்கு அர்த்தமுண்டு. மற்றப் பெரும்பாலான வீடுகளுக்கு நான் தீர்ப்பாயத்தையே சொல்வேன். வாய்தா, வக்கீல் ஃபீஸ் என்று 75 வயதில் நடக்க முடியாது. கோர்ட் வழிதான் என்று முடிவானால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில்.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்குவது பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யச் சொல்லலாம். தான செட்டில்மெண்டில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும், சொத்தை மீட்டுக் கையில் கொடுக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அந்த மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் வழக்கில், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சொல்லி, ஆர்டிஓ செட்டில்மெண்டை ரத்து செய்தது சரி என்றது. இதே காரியத்துக்கு சிவில் கோர்ட்டில் சொத்து மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இங்கேயும் முதலில் ஆர்டிஓ. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு என் யோசனை: கொடுக்காதீர்கள், உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்தில் வார்த்தையாக இருக்கட்டும்.

யார் கூட இருப்பது

மகன் நல்லவன், மருமகளும் நல்லவள், ஆனால் இருவரும் காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்த வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது பகலில் ஒரு ஆள். இங்கே மூன்று வழி. வீட்டோடு ஹோம் நர்ஸ் அல்லது அட்டெண்டர், பகல்நேர மையம், முதியோர் இல்லம்.

பகல்நேர மையம் தமிழ்நாட்டில் நாம் அதிகம் யோசிக்காதது. 25 அன்புச்சோலை மையங்கள் 2025 நவம்பரில் திறந்தன. பெரும்பாலும் திருச்சி, மதுரை, கோவை போன்ற மாநகராட்சிகளில்தான் இருக்கின்றன. காலையில் விட்டு மாலையில் அழைத்துக்கொள்ளலாம். நடமாட முடிகிறவர், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர் என்றால் மூன்றில் இதுவே மேல். செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. அறையில் டிவியோடு தனியாக இருப்பவருக்கு அட்டெண்டர் வைத்தால் அறையில் டிவியோடு இரண்டு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். படுக்கையில் இருப்பவருக்கு இது உதவாது. மையம் இல்லாத ஊருக்கும் இந்தப் பேச்சே இல்லை.

அட்டெண்டரை ஏஜென்சி மூலம் வைப்பதா, தெரிந்த ஆளை நேரடியாக வைப்பதா என்றால், ஏஜென்சியில் ஆள் வராத நாளில் மாற்று ஆள் வருமா என்பதை எழுத்தில் வாங்க முடிந்தால் ஏஜென்சி. முடியாவிட்டால் நேரடி ஆள்தான். நடுவில் போகும் கமிஷன் அவர் சம்பளத்திலாவது சேரும்.

இல்லம் என்று வரும்போது குடும்பத்துக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கும், ஊர் என்ன சொல்லும் என்று. அதை அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்வது பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியதை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவான இல்லமா என்று முதலில் கேளுங்கள். பட்டியல் அவர்களிடம் இருக்கும், இலவச இல்லங்களும் அதில் வரும். பிறகு இல்லத்தில்: இரவில் நர்ஸ் உண்டா? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, இல்லை அழைத்துப் போகச் சொல்வீர்களா? நினைவு மறதி வந்தால்? முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்ப வரும்? தோட்டத்தையும் பூஜை அறையையும் காட்டுவார்கள், சமையலறையையும் கழிப்பறையையும் நீங்களே கேட்டுப் பாருங்கள். படுக்கையானால் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லும் இல்லம் மோசமான இல்லம் என்று சொல்ல மாட்டேன், நேர்மையாகவாவது சொல்கிறார்கள். ஆனால் 78 வயதுக்காரருக்கு அது இடைக்கால ஏற்பாடுதான் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

பயணச் சலுகையை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து டோக்கன் 2016 பிப்ரவரியில் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை என்றான பிறகு, டோக்கன் வரிசையில் நிற்க வேண்டியது பெரும்பாலும் தாத்தாக்கள்தான்.

காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, கைத்தடி, பல்செட் வேண்டியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் முகாம் நடத்திக் கொடுக்கிறார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதற்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதைவிட, நம் மாவட்டத்தில் அடுத்த முகாம் எப்போது என்று 14567ல் கேட்டு வைப்பது மேல். அளவெடுப்பது ஒரு நாள், கொடுப்பது இன்னொரு நாள் என்று இரண்டு முறை வரச் சொல்வார்கள், ஆகவே ஆட்டோவுக்கும் கூடப்போக ஆளுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.